ஹெரால்டுக்குப் பொருத்தம் பார்ப்பது

கேள்வி: என்னிடம் 1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. பின்பக்க ஷாக் அப்சார்பர் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் வேறு வண்டியுடையதைக் காட்டுகிறார்கள். மாட்டலாமா?
- தாம்பரம் வாசகர்

பதில்: மாட்டலாம், பிறகு மாட்டிக்கொள்வது நீங்கள்தான்! புஷ் ஓட்டை பொருந்திவிட்டது என்று உடனே முகூர்த்தம் குறிக்காதீர்கள். முழுக்கச் சுருங்கினால் எவ்வளவு நீளம், முழுக்க விரிந்தால் எவ்வளவு என்று டேப் வைத்துப் பாருங்கள். மெட்ராஸில் தயாரான அந்த ஹெரால்டுக்குப் பின்னால் ஊஞ்சல் ஆக்ஸில், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். சக்கரம் கீழே தொங்குவதற்கு எல்லை கட்டுவதே ஷாக் அப்சார்பர்தான். விரியும் நீளம் கூடினால், வேகமான வளைவில் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். சுருங்கும் நீளம் கூடினாலோ பள்ளத்துக்குப் பள்ளம் 'டங்' சத்தம்; அப்புறம் வெல்டிங் கடை. பழசைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்" என்பவரிடம் வழி மட்டும் கேளுங்கள், அடுத்த கடைக்கு.