அட்ஜஸ்ட்டும் மேனேஜும்: ஒரு போளூர் ஆராய்ச்சி

திசைச்சொல் வந்து சேரும் வழியாகத் தொல்காப்பியர் செந்தமிழோடு சேர்த்துச் சொன்ன நிலங்கள் 12. இங்கிலாந்து அதில் இல்லை. அதனால் 'அட்ஜஸ்ட்', 'மேனேஜ்' என்னும் இரு வினைகளும் உரையாசிரியர் எவர் கண்ணிலும் படாமல் போயின. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்களம், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் பஸ் நிலையம். ஆய்வுக்கூடம், அங்கிருந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர் வரை போய்வரும் பஸ்ஸின் மூவர் இருக்கை.

முதலில் வேர். அட்ஜஸ்ட்டின் மூதாதை பிற்கால லத்தீன். பொருள், 'பக்கத்தில் கொண்டுவா'. அது பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய், கொஞ்ச காலம் இயந்திரங்களைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, போளூருக்கு வந்ததும் பூர்வீகப் பொருளை மீட்டுக்கொண்டது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஒக்காரும்மா" என்று நாலாவது ஆள் அரை உடம்பை நுழைக்கும்போது பேசுவது சுத்த லத்தீன். மேனேஜ், இத்தாலியில் குதிரை பழக்கிய சொல். அதற்கும் அடியில் இருப்பது லத்தீனில் 'கை'. மலைவளைவில் ஒரு கையில் கம்பியும் மறுகையில் பலாப்பழமுமாக நிற்பவர், "பரவால்ல, மேனேஜ் பண்ணிக்கிறேன்" என்கிறார். குதிரை ஒன்றுதான் குறை.

இனி இலக்கணம். இரண்டு சொற்களும் கைவீசிக்கொண்டு வருகின்றன. காலம், இடம், பால் அத்தனையையும் சுமப்பது நம் 'பண்ணு'. ஆனால் குணம் வேறு. அட்ஜஸ்ட் பெரும்பாலும் ஏவல்: சொல்பவர் ஒருவர், இடுப்பு நசுங்குபவர் இன்னொருவர். "நவுருங்க" என்றால் சண்டை வரும். அட்ஜஸ்ட் என்றால் நகர்ந்தவரே சிரித்துவைக்கிறார். மேனேஜுக்கு உகந்தது தன்மை. வாயில் அது வந்தாலே ஆள் கஷ்டத்தில் இருக்கிறார், உதவி கேட்கக் கூச்சப்படுகிறார் என்று அறிக. அதையே முன்னிலைக்கு மாற்றி, "நீங்களே மேனேஜ் பண்ணிக்குங்க" என்று அதிகாரி சொன்னால், கேட்டது கிடைக்காது என்று பொருள்.

பால் வேறுபாடும் உண்டு. இதைத் தமிழறிஞர்கள் கவனிக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்ற வாக்கியம் பெண்ணிடம் மட்டும் சொல்லப்படுகிறது. மாப்பிள்ளையை விளித்து அது சொல்லப்பட்டதற்குச் சான்று தேடினேன். மண்டபம் மண்டபமாகத் தேடலாம், கிடைக்காது. அவருக்கு உரியது இரண்டாம் வினை: "அவன் எப்படியும் மேனேஜ் பண்ணிடுவான்."

இவ்வேற்றுமையை அரசாங்கமும் வங்கிகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மேனேஜ் பண்ணுபவருக்கு மேனேஜர் என்று பதவி, கண்ணாடி அறை, சுழல்நாற்காலி எல்லாம் உண்டு. அட்ஜஸ்ட் பண்ண நாடெங்கும் ஆள் இருக்கிறது. பதவிதான் இன்னும் உருவாக்கப்படவில்லை.