கோடிக்கு ஒன்று குறைச்சல்

வைகை அணையின் உயரம் 111 அடி. தண்ணீர் தேக்குவது 71 அடி. 1959-ல் அணை திறந்த நாள் முதல் இந்தக் கணக்கோடு பழகிவிட்டதாலோ என்னவோ, ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்துப் பயல்கள் வீடியோ கேம் கடைக்காரரின் கணக்கை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. கேட்ரிட்ஜ் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். கோடிக்கு ஒரே ஒரு கேம்தான் குறைச்சல். அந்த ஒன்றையும் சேர்த்து அடித்திருக்கலாமே என்றால், பொய்யிலும் ஒரு நாணயம் வேண்டாமா? பட்டியலில் கொஞ்சதூரம் இறங்கினால் மறுபடியும் மரியோ வருவான். இந்தத் தடவை பனைமர உயரத்துக்குக் குதிப்பான். அது வேற கேமாம்.

கேம் பெட்டியின் பூர்வீகமும் அப்படித்தான். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்டது ஃபேமிகாம். நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தவை அதன் தைவான், சீனத்துப் பங்காளிகள். டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர் என்று பெயர் மட்டும் கம்பீரமாக இருக்கும். படம் வராவிட்டால் கேட்ரிட்ஜைக் கழற்றி, வாயருகே வைத்து ஊதுவோம். ஊதினால் ஈரம் பட்டுத் துரு ஏறும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. மறுபடி செருகியதில்தான் சரியானது. பெயர் என்னவோ ஊதியவனுக்கு.

தேனியின் தொண்ணூறுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் 1996-ல் தனி மாவட்டம் ஆனதோடு முடித்துக்கொள்கிறார்கள். முஸ்தபாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு ரூபாய்க் காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் பெரிய பெட்டியில் ஓடிய அந்த கேம், கேப்காம் 1993-ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. அந்தப் பெயரை ஒருத்தரும் உச்சரித்ததில்லை. ஜாக் என்று ஒரு கதாநாயகன் இருந்தான், பாவம். பாய்ந்து உதைக்கும் முஸ்தபாவைத்தான் எல்லாரும் எடுப்பார்கள்; கேமுக்கே அவன் பெயர்தான். மாவட்டம் பிறந்த அதே வருடம் 'காதல் தேசம்' படத்தில் ரகுமானும் முஸ்தபா பாட்டைப் போட்டுவிட, ஆள் கம்பத்துக்காரனாகவே ஆகிப்போனான்.

டிவி கேமுக்குக் காசு மணிக் கணக்கில். "அணைப் பூங்காவுக்குப் போறேம்மா" என்று வீட்டில் வாங்கிய காசு அரை மணி நேரத்தில் கரையும். அணையில் 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. கடைக்காரரும் இதே முறையைத்தான் கையாண்டார். முதலில் கல்லாவிலிருந்து ஒரு செருமல். அடுத்து முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். மூன்றாவதில் கை சுவிட்சில் இருக்கும். "அண்ணே, அண்ணே, இந்த லைஃப் மட்டும்ணே!" கரையோர மக்களாவது எச்சரிக்கைக்கு நகர்வார்கள். காசில்லாமல் வேடிக்கை பார்க்க வந்து, "குனிடா, சுடுடா" என்று கத்தும் கூட்டம் மட்டும் நகராது.

கான்ட்ரா கேமில் சட்டையில்லாமல் ஓடுகிற இரண்டு பேர் நமக்கு அர்னால்டும் ஸ்டாலோனும்தான். கந்த சஷ்டி கவசத்தில் நான்கு வரி தாண்டாதவன்கூட மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று தூக்கத்தில் சொல்வான். சொன்ன வரிசையில் பட்டனை அழுத்தினால் முப்பது உயிர். இதை அருளியவர் கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 'கிரேடியஸ்' என்ற கேமைச் சோதித்துப் பார்க்க, கஷ்டம் தாங்காமல் தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டவர், கடைசியில் அதை எடுக்காமலே விட்டுவிட்டார். செய்தவனே தோற்ற கேமில் நாம் ஜெயிக்கவில்லை என்றுதான் வீட்டில் திட்டு வாங்கினோம்.

முப்பது உயிரும் கரண்டுக்கு முன் செல்லாது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக ஓடிவந்து வைகை அணையில் விழுகிறது. தண்ணீரும் இந்தப் பக்கம், மின்சாரமும் இந்தப் பக்கம். இருந்தும் எட்டாவது ஸ்டேஜில் டிவி சுருங்கிப் புள்ளியாகி அணையும். விட்ட இடத்தில் தொடரும் வசதி கிடையாது. மறுபடி முதல் ஸ்டேஜ். "கரண்டு போனதுக்கு நான் என்னப்பா செய்ய?" என்பார் அண்ணன். மின்வாரியத்தின் பாவத்துக்கு நம் அஞ்சு ரூபாய் பரிகாரம்.

வாத்து சுடும் துப்பாக்கியிலும் பித்தலாட்டம்தான். விசையை இழுத்ததும் திரை கண்சிமிட்டும் நேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒளிரும். அதைத் துப்பாக்கிக் குழாயில் உள்ள கண் பார்த்துவிட்டால் வாத்து செத்தது. ஆக, சுட்டது டிவி, வாங்கிக்கொண்டது துப்பாக்கி. இது தெரியாமலே பயல்கள் குழாயைக் கண்ணாடியில் ஒட்டவைத்துச் சுட்டு, சரமாரியாக வாத்து வீழ்த்தினார்கள். பரணில் இன்னும் கிடந்தால் எடுத்து, புது எல்இடி டிவி முன் நீட்டிப் பாருங்கள். அதன் வேகம் துப்பாக்கிக்கு ஒத்துவராது, ஒரு வாத்தும் விழாது. அந்த கேமில் வரும் நாய் மட்டும் புல்லிலிருந்து எழுந்து சிரிக்கும். அதைச் சுட அந்தக் காலத்திலேயே வழி கிடையாது.