மனசாட்சி எந்தத் திகதியில முழிச்சிச்சு?

பேராண்டி, ஒரு அரசியல்வாதி மேடையில ஏறி, இந்தச் சண்டை அநியாயம், என் மனசாட்சி எடம் குடுக்கல்ல, அதனால கட்சியையே விட்டுட்டேன்னு சொன்னா ஒனக்குப் புல்லரிக்குது. எனக்குக் கொட்டாவி வருது. கெழவனுக்குத் தூக்கம் பத்தல்லன்னு நெனைச்சிடாத. இந்த இலங்கை நாட்டுல 1983ல இருந்து 2009 வரைக்கும் சண்டை நடந்திச்சு. அதுல யாரு யாருக்கு மனசாட்சி முழிச்சிச்சு, எந்த நேரம் பார்த்து முழிச்சிச்சுன்னு பார்த்துக்கிட்டே இருந்தவன் நான். பெரும்பாலும் எலெக்ஷன் சத்தம் கேட்டாத்தான் அதுக்கு முழிப்பே வரும்.

அப்ப எல்லாம் பொய்யா தாத்தான்னு கேப்ப. அவசரப்படாத. மனசைப் பொளந்து பார்க்க முடியாதுதான். அதுக்காக ஒன்னுமே தெரியாதுன்னு கைய விரிச்சிட முடியுமா? மாவனல்லைப் பக்கத்து ரப்பர் மலையில பால் வெட்டினவன் நான். விடியக்காலை மரத்துல கத்தி வச்சு, பாலைச் சேர்த்து, வாளியோட ஸ்டோருல வரிசையில நிப்போம். சில பயலுக ஓடையில ரெண்டு செரட்டை தண்ணி அள்ளி ஊத்திட்டு, பவ்யமா மொகத்தை வச்சுக்கிட்டு நிப்பானுக. மொகத்தைப் பார்த்தா கண்டுபுடிப்பாங்க? மெட்ரோலக்குன்னு ஒரு கண்ணாடிக் குச்சி இருக்கும். அதைப் பாலுக்குள்ள விடுவாங்க. நல்ல பாலுன்னா குச்சி அமுங்கும். தண்ணி கலந்திருந்தா தூக்கிக்கிட்டு நிக்கும். நீ கதிர்காமத்து மேல சத்தியம் பண்ணினாலும் குச்சி எறங்காது. அரசியல்வாதிக்கும் அந்தக் குச்சி போதும்டா. அதுல ரெண்டே கோடு. ஒன்னு திகதி. இன்னொன்னு நாற்காலி.

விட்டுப் பார்ப்போமா?

சந்திரிகா அம்மா 1994ல சமாதானம் கொண்டு வாறேன்னு வந்தாங்க. ஜனாதிபதித் தேர்தல்ல நூத்துக்கு 62 வோட்டு. 1995 ஏப்ரல்ல பேச்சு முறிஞ்சிச்சு. பொறகு சமாதானத்துக்காக யுத்தம்னு ஒரு புதுச் சரக்கு வந்திச்சு. சமாதானத்துக்காக யுத்தம்! பட்டினி கெடந்து பசி தீர்க்கிற வித்தை. அன்னைக்கு அமைச்சரவையில எத்தனை படிச்ச மனுசன் இருந்தான்? எவனாவது எந்திரிச்சு இது வேற, நாங்க சொன்னது வேறன்னு போனானா? ஆறு வருசம் ஒருத்தரும் அசையல்ல. 2001 ஜூலையில கட்டுநாயக்கா விமான நிலையத்துல அடி விழுந்திச்சு. நாட்டு வருமானம் கீழ போயிருச்சு. ஒக்டோபர்ல பார்த்தா ஜி.எல். பீரிஸ், எஸ்.பி. திசாநாயக்க எல்லாரும் ஐக்கிய தேசியக் கட்சிப் பக்கம் நிக்கிறாங்க. டிசம்பர்ல எலெக்ஷன். ஜெயிச்ச பக்கத்துலதான் இருந்தாங்க. திகதி சரியாப் போச்சா?

  

பீரிஸ் ஐயா கதைக்கு வருவோம், அது விட்டுட்டுப் போற கதை இல்ல. 2002ல தாய்லாந்துக்குப் போய், புலிகளோட அன்ரன் பாலசிங்கத்துக்கு எதிர்ல உட்கார்ந்து, அரசாங்கத் தரப்புக்குத் தலைமை தாங்கினவரு அவரு. சட்டப் பேராசிரியர். பேச்சு தேன் மாதிரி ஓடும். 2007 ஜனவரியில ஐக்கிய தேசியக் கட்சியில இருந்து 18 பேரு ஒட்டுக்கா மகிந்த ராஜபக்ஷ பக்கம் பாஞ்சாங்க. அதுல அவரும் ஒருத்தரு. அப்ப கெழக்குல பேச்சா நடந்திச்சு? பீரங்கி பேசிக்கிட்டு இருந்திச்சு. நாட்டுக்கு நெருக்கடி, ஜனாதிபதியைப் பலப்படுத்தணும்னாங்க. பலப்படுத்தினாங்க. அமைச்சர், பிரதி அமைச்சர் எல்லாரையும் கூட்டினா நூத்தைத் தாண்டிச்சு. பாராளுமன்றத்துல மொத்தமே 225 பேருதான்டா! சமாதானம் பேசினவரு 2010ல வெளிவிவகார அமைச்சராகி, நடந்த யுத்தத்துக்காக உலகத்துக்கு வக்காலத்து வாங்கினாரு. அன்னைக்குப் பேசினது உண்மையா, பின்னாடி பேசினது உண்மையான்னு என்னைக் கேக்காத. ரெண்டு தடவையும் நாற்காலி உண்மை.

கட்சியை விட்டா ஆசனம் போயிரும்னு 1978 அரசியலமைப்புல எழுதியிருக்குன்னு நீ பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. எழுதியிருக்கு. தோட்டத்துல வீட்டுத் திட்டமுந்தான் எழுதியிருக்கு.

அந்தப் 18 பேருக்கும் முன்னால நின்னவரு கரு ஜயசூரிய. அவரு மட்டும் 2008 டிசம்பர்ல அமைச்சை விட்டுட்டு பழைய கட்சிக்கே திரும்பினாரு. அடுத்த மாசம் கிளிநொச்சி விழுந்திச்சு. ஜெயிக்கப் போற பக்கத்தை விட்டுட்டு, தோக்கப் போற பக்கம் வாறவன் லேசுப்பட்டவன் இல்ல. ஆனா சண்டைக்காக வரல்ல, கட்சிக்காகத்தான் வந்தாரு. குச்சி பாதி அமுங்குது.

மங்கள சமரவீர கதை இன்னும் சிக்கல். 2005ல மகிந்தவை ஜனாதிபதி ஆக்க ஓடியாடினதே அவருதான். 2007 ஜனவரியில வெளிவிவகார அமைச்சு கையை விட்டுப் போச்சு. பெப்ரவரியில மந்திரிப் பதவியே போச்சு. அதுக்குப் பொறகுதான் வாய் தெறந்திச்சு. இது கோவம்டா, கொள்கையான்னு அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சதுல பிழையும் இல்ல. ஆனா அந்தக் கோவம் ஒரு கிழமையில ஆறல்ல. 2015 வரைக்கும் எதிர்க்கட்சியில கெடந்தாரு. கூப்பிட்டா போயிருக்கலாம், போகல்ல. திரும்ப வெளிவிவகார அமைச்சரா வந்ததும், நடந்ததை விசாரிக்கணும்கிற ஜெனீவாத் தீர்மானத்துக்கு 2015 ஒக்டோபர்ல இலங்கையையே சேர்ந்து கையெழுத்துப் போட வச்சாரு. சிங்கள வோட்டுல ஜெயிக்கிற மனுசனுக்கு அதால என்னா லாபம்? ஏச்சுத்தான். கோவத்துல வெளிய வந்து, வெளிய நின்னு நின்னே உண்மைக்கு வந்து சேர்ந்த ஆளு. அப்பிடியும் நடக்கும் பேராண்டி. மனுசன் வெளிய வந்த காரணமும், வெளியவே நின்ன காரணமும் ஒன்னா இருக்கணும்னு சட்டம் இல்ல.

நம்ம சப்ரகமுவாவுக்கே வருவோம். வாசுதேவ நாணயக்கார. 1970ல கிரியெல்ல தொகுதியில ஜெயிச்சவரு. ஏழைக்காக, தமிழனுக்காக எத்தனை மேடையில தொண்டை கிழியக் கத்தியிருக்காரு! சமசமாஜக் கட்சியை விட்டு 1977ல பிரிஞ்சு நவ சமசமாஜம் கட்டினாரு. அப்புறம் பழைய கட்சிக்குத் திரும்பி, மறுபடி பிரிஞ்சாரு. பிரியறதுக்குப் பயந்தவரு இல்ல. அப்பேர்ப்பட்டவரு, சண்டை முடிஞ்ச முள்ளிவாய்க்கால் நேரத்துல எங்க நின்னாரு? மகிந்த பக்கம். 2010ல இரத்தினபுரியில இருந்து பாராளுமன்றம் போய், தேசிய மொழிகளுக்கும் சமூக ஒருங்கிணைப்புக்கும் அமைச்சர் ஆனாரு. எல்லாம் முடிஞ்ச பொறகு ஒருங்கிணைப்பு. இப்ப சொல்லு, எல்லாத்துக்கும் பிரிஞ்ச மனுசன், பிரிய வேண்டிய நேரத்துல ஒட்டிக்கிட்டாரே, அதை எந்தக் கணக்குல எழுதுறது?

சிங்களத் தலைவருங்களை மட்டும் திட்டிக்கிட்டு இருந்தா நாக்கு கூசும். 2007 ஜூன்ல கொழும்பு லொட்ஜுகள்ல தங்கியிருந்த தமிழ்ச் சனம் 376 பேரைப் பஸ்ஸுல ஏத்தி அனுப்பினாங்க. அப்புறம் உயர் நீதிமன்றந்தான் தடுத்திச்சு. அன்னைக்கு நம்ம மலைநாட்டுத் தலைவருங்க எங்க இருந்தாங்க? அரசாங்கத்துலதான். கண்டனம் வந்திச்சு. வன்மையாக் கண்டிச்சாங்க. அமைச்சு வாகனம் மட்டும் நிக்காம ஓடிக்கிட்டு இருந்திச்சு. அவங்க கேட்டா, உள்ள இருந்தாத்தானே நம்ம சனத்துக்கு ரோட்டு, லைட்டு வாங்கலாம்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்சை நான் முழுசாத் தள்ள மாட்டேன். ஒரு வேலை நிறுத்தம் தோத்தா எத்தனை அடுப்பு எரியாதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்தப் பயம் புரியும். ஆனா ஒன்னு. பயத்துல இருந்தவன் பயத்துல இருந்தேன்னு சொல்லணும். ராஜதந்திரம்னு சொன்னா குச்சியை எடுக்க வேண்டி வரும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கேட்டா சிரிப்பும் வரும், வயிறும் எரியும். 2008 ஒக்டோபர் 14, சென்னையில சர்வகட்சிக் கூட்டம். ரெண்டு கிழமையில சண்டை நிக்கல்லன்னா தமிழ்நாட்டு எம்பிமார் எல்லாரும் ராஜினாமா. அடேங்கப்பா! தி.மு.க. எம்பி கனிமொழி மொதல் ஆளாக் கடுதாசி குடுத்தாங்க. யாருகிட்ட? சபைத் தலைவருகிட்டயா? இல்லப்பா, கட்சித் தலைவருகிட்ட. அதாவது பெத்த அப்பா கலைஞர்கிட்ட. மத்தவங்களும் அங்கதான் குடுத்தாங்க. பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து கலைஞரைப் பார்த்துட்டுப் போனாரு. கடுதாசியெல்லாம் மடிச்ச மடிப்புலயே இருந்திச்சு. 2009 ஏப்ரல் 27 காலையில அண்ணா சமாதியில கலைஞர் உண்ணாவிரதம். மத்தியானச் சோத்துக்கு முந்தியே முடிஞ்சிச்சு. மே மாசம் எல்லாமே முடிஞ்சிச்சு. அப்புறம் பாரு, 2013 மார்ச்சில, ஈழத்துக்காக மத்திய அரசாங்கத்தை விட்டு தி.மு.க. வெளிய வந்திச்சு! சண்டை முடிஞ்சு நாலு வருசம் ஆச்சு. அடுத்த எலெக்ஷனுக்கு ஒரு வருசம் இருந்திச்சு.

அ.தி.மு.க. பக்கத்து ஜெயலலிதா அம்மா என்னா கொறைச்சலா? 2009 ஜனவரியில, சண்டைன்னா பொதுசனம் சாகத்தான் செய்யும்கிற மாதிரிப் பேசினாங்க. ஏப்ரல்ல வோட்டுக் கேக்க வந்தப்ப தனி ஈழம்னாங்க. மூணு மாசத்துல ஒரு நாடே பொறந்திச்சு! அன்புமணி ராமதாஸ் மத்திய அமைச்சரவையை விட்டது மார்ச்சில, அ.தி.மு.க. கூட்டணி பேசி முடிச்ச கையோட. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவங்க சொன்னது சும்மாவா?

இது நம்ம சாதிக்கு மட்டும் உள்ள வியாதின்னு தலையத் தொங்கப் போடாத. ஈராக் சண்டைக்கு முன்ன, 2003 மார்ச்சில, லண்டன்ல ரொபின் குக்குன்னு ஒரு அமைச்சர் ராஜினாமா பண்ணிட்டுப் பின் வரிசையில போய் நின்னாரு. அதே அமைச்சரவையில கிளேர் ஷோர்ட்டுன்னு ஒரு அம்மா. போறேன் போறேன்னாங்க. போகல்ல. பாக்தாத் விழுந்த பொறகு மே மாசம் போனாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டே மாசம். ஆனா அந்த ரெண்டு மாசத்துலதான் சண்டையே இருந்திச்சு.

அப்ப குச்சி முழுசா அமுங்கின ஆளே கெடையாதான்னு கேக்கிறியா? இருக்கு. ஆனா நீ எதிர்பார்க்கிற பக்கத்துல இருக்காது. 1987ல ஜனாதிபதி ஜே.ஆர். இந்தியாவோட ஒப்பந்தம் போட்டப்ப, பிரதமர் பிரேமதாசவுக்கும் அது புடிக்கல்ல. கையெழுத்துப் போடுற எடத்துக்கே அவரு வரல்ல. ஆனா பிரதமர் பதவியில இருந்தாரு, பொறகு ஜனாதிபதியும் ஆனாரு. விவசாய அமைச்சர் காமினி ஜயசூரிய மட்டும் அமைச்சை விட்டாரு, பாராளுமன்ற ஆசனத்தையும் விட்டாரு. அவரு எதிர்த்தது நமக்குக் கெடைக்கவிருந்த மாகாண சபையையும் சேர்த்துத்தான். எனக்கு அவரு கொள்கை ஒரு துளி புடிக்காது. ஆனா பாலு சுத்தம். மனசாட்சி நம்ம பக்கம்தான் பேசணும்னு எந்தச் சாமி எழுதி வச்சிச்சு?

இன்னொன்னையும் கேட்டுக்க. எனக்கு உண்மையான மனசாட்சியை விட, நேரத்துக்கு வாற பொய் மனசாட்சி புடிக்கும். ஆமாடா, சிரிக்காத. அவசரகாலச் சட்டத்தை மாசா மாசம் பாராளுமன்றத்துல வோட்டுக்கு விட்டாங்க. அப்ப ஆளுங்கட்சிப் பக்கம் எவனாவது பதவி ஆசையிலயோ, பொண்டாட்டி சண்டையிலயோ, எதிர்த்துக் கையைத் தூக்கியிருந்தா, ரவுண்டப்புல போன பொடியன்மார்ல நாலு பேரு வீட்டுக்கு வந்திருப்பாங்க. அந்த நாலு தாய்க்கு அவன் மனசுல என்னா இருந்திச்சுன்னு கவலையா? 2013ல வந்த கண்ணீர் சுத்தமாவே இருந்தாலும், அதை வச்சு அவங்க என்னா பண்றது?

கடைசியா ஒரு ஆளு. விக்கிரமபாகு கருணாரத்ன. சிங்கள மனுசன். சண்டை தொடங்கினதுல இருந்து முடியற வரைக்கும் எதிர்த்தாரு. தமிழனுக்குச் சுயநிர்ணய உரிமை இருக்குன்னு கொழும்பு நடு ரோட்டுல நின்னு சொன்னாரு. ஒரு அமைச்சுக் கதவும் அவருக்குத் தொறக்கல்ல. 2010 ஜனாதிபதித் தேர்தல்ல அவரும் நின்னாரு. அதே தேர்தல்ல, சண்டையை நடத்தின தளபதி சரத் பொன்சேகாவை எதிர்க்கட்சி நிறுத்திச்சு, தமிழ்க் கூட்டமைப்பும் அவருக்கே போடச் சொல்லிச்சு. பொன்சேகாவுக்கு நூத்துக்கு 40 வோட்டு விழுந்திச்சு. விக்கிரமபாகுவுக்கு நாடு பூராவும் பத்தாயிரங் கூட இல்ல. உண்மையான அரசியல்வாதி எங்கன்னு போனைத் தட்டித் தேடுறதுக்கு முந்தி, ஒங்கப்பன் அன்னைக்கு எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டான்னு கேட்டுட்டு வா.