அலமேலம்மாவின் பாஸ்வேர்டு

மைசூர் விஜயநகரில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். காம்பவுண்டு கேட்டுக்கு ஒரு பூட்டு, கிரில்லுக்கு ஒரு பூட்டு, தேக்குக் கதவுக்கு ஒரு பூட்டு, பீரோவுக்கு ஒரு பூட்டு. இத்தனையும் தாண்டி உள்ளே போனால், சோபாவில் சாய்ந்திருக்கும் சாஃப்ட்வேர் பையன் தன் கிரிப்டோ வாலெட்டின் பன்னிரண்டு ரகசியச் சொற்களையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைத்திருப்பான். "சேஃபா இருக்கட்டும்னுதான் அங்கிள்!"

திட்டாதீர்கள். பையன் மேல் தப்பில்லை, மண்ணின் ராசி அப்படி. இந்தப் பேட்டை எந்த சாம்ராஜ்யத்தின் பெயரைச் சுமக்கிறதோ, அதன் வைஸ்ராய் ஒருவர் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காவிரி, அதற்குள் கோட்டை, அதற்குள் காவல் என்று மல்டி லேயர் செக்யூரிட்டி! 1610-ல் மைசூர் ராஜ உடையார் வந்தார், கோட்டையை எடுத்துக்கொண்டார். வைஸ்ராய் திருமலைராயர் மூட்டை கட்டிக்கொண்டு தலக்காட்டுக்குப் போனார். (கதையின் இன்னொரு வடிவத்தில் அவர் பெயர் ஸ்ரீரங்கராயர். அந்தக் காலத்திலேயே மனுஷனுக்கு இரண்டு யூசர் ஐடி.)

இனி வருவது சரித்திரமா, கட்டுக்கதையா என்று பேராசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். மைசூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ராயர் இறந்து போகிறார். மனைவி அலமேலம்மாவிடம் நகைகள் இருக்கின்றன. சாதாரண நகையல்ல, செவ்வாய், வெள்ளிகளில் ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்துவது. மற்ற நாட்களில் திரும்பவும் அலமேலம்மாவின் பெட்டிக்குள்.

கொஞ்சம் நில்லுங்கள். இன்றைக்கு கிரிப்டோ நிபுணர்கள் டை கட்டிக்கொண்டு மேடையில் சொல்வது இதைத்தானே? புழக்கத்துக்குக் கொஞ்சம் ஹாட் வாலெட்டில், பெரிய தொகை இன்டர்நெட் வாடையே படாத கோல்டு வாலெட்டில்! அலமேலம்மா இதை 400 வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கிறார். என்ன, யூட்யூப் சேனல் ஆரம்பிக்கத் தோன்றவில்லை.

ராஜ உடையாருக்கோ கோட்டை கிடைத்தும் மனசு ஆறவில்லை. "தாயார் நகையை அனுப்பு" என்று ஆள் அனுப்பினார். அலமேலம்மா முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்தனுப்பினார். டெஸ்ட் டிரான்ஸாக்ஷன்! போய்ச் சேர்கிறதா என்று ஒரு சின்னத் தொகையை முதலில் அனுப்பிப் பார்ப்பது மிக நல்ல பழக்கம். ஆனால் பதிலுக்கு ரசீது வரும் என்று எதிர்பார்த்தால் பட்டாளம் வந்தது.

அந்த அம்மாள் மீதி நகைகளை மடியில் கட்டிக்கொண்டு, மாலங்கி என்ற இடத்தில் காவிரியில் குதித்துவிட்டார். இதைவிட கோல்டான வாலெட்டை எந்தக் கம்பெனி விற்கும்? ராஜா, திருடன், ஹேக்கர், யாராலும் இன்றுவரை திறக்க முடியவில்லை. ஒரே ஒரு டிசைன் குறை: சொந்தக்காரராலும் திறக்க முடியாது.

குதிப்பதற்கு முன் மூன்று சாபம். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் ராஜாக்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும். தலக்காட்டில் இன்று பார்த்தால் நிஜமாகவே மணல், கோயில்களே புதைந்து கிடக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் வேறு கதை சொல்கிறார்கள்: 14-ம் நூற்றாண்டில் மாதவமந்திரி கட்டிய அணையால் நீரோட்டம் மாறி, ஆற்று மணல் வெளியே தெரிந்து, காற்று அதை வாரி ஊருக்குள் கொட்டியதாம். அப்படியென்றால் சாபம் கொடுப்பதற்கு முன்பே அமலுக்கு வந்துவிட்டது. வருமான வரித் துறைதான் இந்த டெக்னிக்கைப் பிற்பாடு கற்றுக்கொண்டது.

மூன்றாவது சாபம்தான் பிடிவாதக்கார வைரஸ். வம்சத்தில் அடிக்கடி நேர் வாரிசு இல்லாமல் தத்து. 2013-ல் மறைந்த ஸ்ரீகண்டதத்த உடையாருக்கும் பிள்ளையில்லை. 2015-ல் யதுவீர் தத்து வந்தார். அவருக்கு 2017 டிசம்பரில் ஆண் குழந்தை பிறந்தபோது ஊரே 'சாபம் தீர்ந்தது' என்று இனிப்பு கொடுத்தது. இதற்கிடையில் அரண்மனையில் அலமேலம்மாவுக்கு சிலை வைத்துப் பூஜையும் நடக்கிறது. பறிகொடுத்தவரைக் கும்பிடும் ஒரே ஸ்தாபனம் அதுதான். இன்றைய எக்ஸ்சேஞ்சுகள் ஈமெயிலுக்குக்கூட பதில் போடுவதில்லை.

அலமேலம்மாவின் கனடா வாரிசு ஒருவர் உண்டு. ஜெரால்டு காட்டன். குவாட்ரிகா என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் முதலாளி. 2018 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தவர், ஜெய்ப்பூரில் உடம்பு சரியில்லாமல் இறந்துபோனார். வயது முப்பதுதான். கம்பெனி அப்புறம் மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது: 'கோல்டு வாலெட்டின் சாவி அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.' வாடிக்கையாளர்கள் சுமார் 76,000 பேர். அத்தனை பேரும் தலையில் கைவைத்தார்கள்.

மனுஷன் பொறுப்பில்லாதவர் என்று நினைக்காதீர்கள். இறப்பதற்கு 12 நாள் முன்னால் அழகாக உயில் எழுதியிருக்கிறார். அதில் தன் இரண்டு சிவாவா நாய்களின் பராமரிப்புக்கு ஒரு லட்சம் டாலர்! நாய்க்குட்டிகளை ஞாபகம் வைத்தவருக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பாவம்.

பாவமெல்லாம் இல்லை. ஆடிட்டர்கள் தேடிப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பிரசித்தி பெற்ற கோல்டு வாலெட்டுகள் பல மாதம் முன்பே காலி! போலி அக்கவுன்ட்டுகளை வைத்து வாடிக்கையாளர் பணத்தில் சூதாடியிருக்கிறார் என்று ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020-ல் அறிக்கை கொடுத்தது. சில வாடிக்கையாளர்களின் வக்கீல்கள் 'புதைத்த உடலைத் தோண்டி அவர்தானா என்று பாருங்கள்' என்றே கேட்டுவிட்டார்கள். அலமேலம்மா மடியிலாவது நகை இருந்தது.

சரி, சாவியை ஒருத்தரிடம் கொடுத்தால்தானே வம்பு, நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்தால்? பேஷான யோசனை. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் அப்படித்தான் வைத்திருந்தது. மொத்தம் ஆறு சாவி. நாலு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி திறக்கும். ஹேக்கர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. பெட்டியை உடைப்பதற்குப் பதிலாக, கையெழுத்துப் போடுகிறவர்கள் கண்ணில் படும் திரை ஒன்று, நிஜத்தில் கையெழுத்தாவது வேறொன்று என்று ஆக்கிவிட்டார்கள். நாலு கையெழுத்தும் முறைப்படி விழுந்தது. கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய் முறைப்படி கிளம்பிப் போனது. வடகொரியா வேலை என்று பிற்பாடு அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து அறிக்கை விட்டன. அறிக்கையிலும் மல்டி சிக்னேச்சர்!

பேங்க் லோன் ஃபாரத்தில் பென்சிலில் இன்டு மார்க் போட்ட இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டே பழகிய தேசம் நாம். வாலெட்டிலும் அதையே செய்கிறோம். 'அப்ரூவ்' என்று பட்டன் வந்தால் கட்டைவிரல் தானாகப் போகிறது. ஹார்டுவேர் வாலெட் என்று பென் டிரைவ் மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதன் தம்மாத்துண்டு திரைக்கு அர்த்தமே, கம்ப்யூட்டர் திரை பொய் சொன்னாலும் இது எவ்வளவு தொகை, எந்த முகவரி என்று தனியாகக் காட்டும் என்பதுதான். அந்த முகவரியை முழுசாகப் படிக்கிறவர்கள் யார்? முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து பார்த்து 'ஓகே' என்பவர்களுக்காகவே, அந்த எட்டு எழுத்தும் அச்சாக ஒத்துப்போகும் முகவரியை ஹேக்கர்கள் தயார் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் திரும்புவோம். 1799. இப்போது அங்கே திப்பு சுல்தான். செக்யூரிட்டி விஷயத்தில் மனுஷன் பயங்கர உஷார். தான் கண்ட கனவுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருந்தவர். கனவுக்கே பிரைவேட் ஃபோல்டர்! கோட்டையும் லேசுப்பட்டதில்லை. 1792-ல் ஆங்கிலேயர் தரப்பில் காரன்வாலிஸ் வாசல் வரை வந்தவர், ராஜ்யத்தில் பாதியைப் பேரம் பேசி எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினார்; கோட்டை திப்புவிடமே இருந்தது.

மே 4, பகல் ஒரு மணி. வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம், காவிரியில் நடந்தே கடக்கும் அளவு தண்ணீர், திப்பு சாப்பாட்டில். ஆங்கிலேயர் உள்ளே புகுந்தார்கள். சுவரில் பீரங்கி போட்ட ஓட்டை இருந்தது வாஸ்தவம். ஆனால் அங்கே காவலுக்கு நிற்க வேண்டிய வீரர்கள்? "சம்பளம் தருகிறார்கள், வாங்க" என்று அமைச்சர் மீர் சாதிக் அவர்களை அப்பால் கூட்டிப் போய்விட்டார் என்று சொல்வார்கள். சம்பளம் என்று காதில் விழுந்தால் எந்தச் சிப்பாய்தான் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்?

அந்த 'சம்பளம் தர்றோம் வா' இன்றும் அமோகமாக ஓடுகிறது. 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 4.4 கோடி டாலர் காணாமல் போனது. பெங்களூர் போலீஸ் பிடித்துப் போனது ஒரு ஊழியரை. ஆபீஸ் லேப்டாப்பில் அவர் வெளியாளுக்கு பார்ட் டைம் வேலை செய்தார், அந்த வழியாகத்தான் திருடர்கள் லேப்டாப்புக்குள் நுழைந்தார்கள் என்பது போலீஸ் தரப்பு. கோடி கோடியாய்ச் செலவழித்துக் கட்டிய சுவருக்கு ஓட்டை போட, 'எக்ஸ்ட்ரா இன்கம்' என்ற இரண்டு வார்த்தை போதும். தெரியாத ஆள் அனுப்பும் 'ஜாப் டெஸ்ட்' ஃபைலை வாலெட் இருக்கும் கம்ப்யூட்டரில் திறப்பதும், மீர் சாதிக்கோடு சம்பளம் வாங்கப் போவதும் ஒன்றுதான்.

திப்புவின் அரண்மனையில் கொள்ளையடித்தவர்களாவது கெட்டிக்காரர்களா என்றால், அதுவும் இல்லை. தங்கம் பதித்த சிம்மாசனத்தை, கவர்னர் ஜெனரல் தடுப்பதற்குள், துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டார்கள். ஒரு சிப்பாய் தன் கையில் சிக்கிய வைரக் காப்புகளை ராணுவ டாக்டர் ஒருவருக்குச் சல்லிசாகத் தள்ளிவிட்டான். விலை மதித்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு. 2010 மே மாதம் ஃப்ளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெக்ஸ் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினாரே, அவருக்கு இந்தச் சிப்பாய் பெரியப்பா முறை வேண்டும்.

அடுத்து வருகிறவர்தான் எனக்குச் செல்லப்பிள்ளை. மும்மடி கிருஷ்ணராஜ உடையார். திப்பு விழுந்ததும் ஐந்து வயதில் சிம்மாசனத்தில் உட்கார வைக்கப்பட்டவர். வளர்ந்ததும் விளையாட்டுப் பித்து. சதுரங்கக் குதிரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு தடவை கால் வைத்து 64 கட்டத்தையும் சுற்றிவர வேண்டும் என்று ஒரு புதிர் உண்டே, அதில் மகாராஜா மன்னாதி மன்னர். இந்தக் குதிரை வித்தை நம் பக்கம் ரொம்பப் பழசு. வேதாந்த தேசிகர் பாதுகா சகஸ்ரத்தில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளைக் கட்டத்தில் எழுதி, குதிரை தாவும் வழியில் படித்தால் இன்னொரு சுலோகம் வரும்படி செய்திருக்கிறார். சுத்தமான என்கிரிப்ஷன்!

நம் வாலெட்டின் ரகசியச் சொற்களும் ஏறக்குறைய இதே சங்கதிதான். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டோ இருபத்து நாலோ, குறிப்பிட்ட வரிசையில். அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஜப்பானியத்தில் இருக்கிறது, செக் மொழியில்கூட இருக்கிறது. தமிழில் இல்லை. (இதற்கு ஏன் இன்னும் யாரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை?)

இங்கேதான் நம்மவர்களுக்கு மும்மடியார் ஆவி புகுந்துகொள்கிறது. 'நான் சொற்களை வரிசை மாற்றி எழுதி வைத்திருக்கிறேன், எவன் வந்தாலும் தலைகீழாக நின்றாலும் முடியாது' என்று காலரைத் தூக்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு சொற்களை மொத்தம் சுமார் 47.9 கோடி விதமாக அடுக்கலாம். கேட்க மலைப்பாக இருக்கும். சொற்கள் கையில் சிக்கிவிட்டால், ஹேக்கரின் கம்ப்யூட்டருக்கு அது பெரிய தூரமே இல்லை. மூன்று வருஷம் கழித்து 'என்ன லாஜிக்கில் மாற்றினேன்?' என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போவது நீங்கள்தான். உள்ளபடியே எழுதி, பேப்பர் நனையும் எரியும் என்று பயந்தால் எஃகுத் தகட்டில் பொறித்து, இரண்டு இடத்தில் வைத்து, இன்ன இடம் என்று வீட்டில் ஒருத்தருக்குச் சொல்லிவிட்டால் ஆயிற்று. ராஜாக்கள் செப்பேட்டில் வெட்டி வைக்கவில்லையா?

ஒளிக்கிற சாமர்த்தியத்தில் தங்கப் பதக்கம் அமெரிக்காவின் ஜிம்மி ஜாங்குக்கு. 2012-ல் சில்க் ரோடு என்ற கள்ளச்சந்தைத் தளத்திலிருந்து 50,000-க்கும் மேல் பிட்காயின் சுருட்டியவர். சுருட்டியதை எங்கே வைத்தார்? பாத்ரூம் அலமாரியில், பாப்கார்ன் டப்பாவுக்குள், போர்வைகளுக்கு அடியில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரில்! 2021 வரை அது யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் நடுவில் 2019-ல் அவர் வீட்டிலேயே ஒரு திருடன் புகுந்துவிட்டான். ஜாங் உடனே ஆத்திரத்தோடு போலீஸுக்குப் போன் போட்டார்: "என் கிரிப்டோவைத் திருடிட்டாங்க சார்!" அதன் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

மும்மடியாரை விட்டுவிட்டேனே. குதிரையை 64 கட்டமும் தவறாமல் ஓட்டியவருக்கு ராஜ்யத்தை ஓட்ட வரவில்லை. நகரா பக்கம் குடிகள் கலகம் செய்ய, 1831-ல் கவர்னர் ஜெனரல் பென்டிங் பிரபு "நிர்வாகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் விளையாடுங்கள்" என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றிவிட்டார். மகாராஜாவுக்கு அக்கவுன்ட் லாக்! அதிலும் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாசகத்தைக் கவனியுங்கள். இப்போது டெலிகிராமில் 'சப்போர்ட் டீம்' என்று வருகிறவர்களின் வசனமும் வார்த்தை மாறாமல் இதுவேதான்.

மகாராஜா விடவில்லை. மனு மேல் மனு, கல்கத்தாவுக்கு, லண்டனுக்கு. பதில் வரும், ராஜ்யம் வராது. ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். (சாபத்தை மறந்துவிட்டீர்களா?) 1868-ல் கண்ணையும் மூடிவிட்டார். கடைசியில் அந்தத் தத்துப்பிள்ளை சாமராஜேந்திரர் கையில் 1881-ல் ராஜ்யம் திரும்பி வந்தது. கம்ப்ளைன்ட் பதிவானது 1831, டிக்கெட் க்ளோஸ் ஆனது 1881. ஐம்பது வருஷம் ஆனாலும் அக்கவுன்ட் திரும்பக் கிடைத்தது. அதனால்தான் சொல்கிறேன், ஆங்கிலேயரை ரொம்பத் திட்டாதீர்கள்; அவர்களுக்கு லண்டனில் ஒரு அட்ரஸாவது இருந்தது.