குறிகட்டுவான் தண்ணீரும் பாரிஸ் காசும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு நயினை அம்மாளை வேண்டுகிறான். போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டதற்கு அவன் வாயில் பதில் வரவில்லை. "மாசம் அஞ்சு லட்சம் உழைக்கிறியாம், ஒரு மதில் கட்ட வழியில்லையோ?" வெட்கம் பிடித்தவன், தன் கதையை அயலட்டத்தான் கதை போல எழுதினால்தான் உண்மை வரும் என்று இப்படி எழுதுகிறான்.

ஐந்து லட்சம் பொய்யில்லை. பிரான்சில் 2025இல் வாரம் 35 மணித்தியாலம் வேலை செய்பவருக்குச் சட்டம் வைத்திருந்த ஆகக் குறைந்த சம்பளம், பிடித்தங்கள் போகக் கைக்கு 1,426 யூரோ. யூரோவுக்கு 350 ரூபா என்று பெருக்கினால் கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன தொகைதான். கரைச்சல் எங்கே என்றால், வரவை நீங்கள் ஊரில், குறிகட்டுவானில், ரூபாவாக்கிப் பூரிக்கிறீர்கள்; செலவை அவன் பாரிசில் ரூபாவாக்கி நடுங்குகிறான். மெட்ரோவில் ஒருதரம் ஏற 2025இல் 2.50 யூரோ. அவன் காதில் விழுவது 875 ரூபா. அந்தக் காசுக்கு நயினாதீவுக்குப் படகில் எத்தனை தரம் போய் வரலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் ரயில் போய்விடும்.

இனிக் கணக்கு. நாலு பேர் இருக்கும் வீட்டில் அவன் பங்கு வாடகை 450. கரண்டும் போனும் 40. மாதப் பயணச்சீட்டு 2025 விலையில் 88.80, அதில் பாதியை முதலாளி தரவேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம், ஆகவே 44.40. அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்த ஏஜென்சிக் கடனுக்கு 200. சீட்டுக்கு 200. உங்களுக்கு 250. சாப்பாட்டுக்கு 150. மிச்சம் 91 யூரோ சொச்சம். சப்பாத்து, பல்லுவலி, ஊரிலிருந்து வரும் சாமத்திய வீட்டு அழைப்பு எல்லாம் அந்தத் தொண்ணூற்றொன்றுக்குள் அடங்கவேண்டும்.

சாப்பாட்டுக்கு 150 காணுமோ என்று கவலைப்படாதீர்கள். அவன் கோப்பை கழுவும் சாப்பாட்டுக் கடையிலேயே சாப்பாடு கிடைக்கிறது. லீவு நாளில்தான் அவனுக்குப் பசிக்கும். தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்குச் சம்பள வாரத்தில் மட்டும் போவான்; முருங்கைக்காயின் விலையைக் கேட்டுவிட்டு லீக்ஸ் வாங்கி வருவான்.

இதே பாரிசில் 1929இல் ஓர் ஆடம்பர ஹோட்டலில் கோப்பை கழுவியவர்தான் எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல். நாளுக்கு ஆறு பிராங்கில் உயிர் வாழும் வித்தையை 1933இல் புத்தகமாகவே போட்டார். உடுப்பை அடகு வைத்தவர்தான், ஆனாலும் கொடுத்து வைத்த மனிதர்: சீட்டும் இல்லை, கோயில் உபயமும் இல்லை.

சீட்டை விட்டுவிடச் சொன்னீர்கள். இருபது பேர் மாதம் 200 போட்டால் ஒருவருக்கு மொத்தமாக 4,000. அவசரக்காரர் கழிவு கொடுத்து முந்தி எடுப்பார். சீட்டுப் பிடிக்கிறவர் ஓடிவிட்டால் எல்லாம் போச்சு என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் கையில் கிடந்தால் காசு நிற்காது. தன் முறையை அவன் கடைசிக்கு விட்டிருக்கிறான், கழிவில்லாமல் எடுத்து ஏஜென்சிக் கடனை ஒரேயடியாக முடிக்க.

அறையில் இருக்கும் கொழும்புப் பெடியன் ஒருவன், "நீ காசைத் தண்ணியாச் செலவழிக்கிறாய்" என்று ஒருநாள் ஏசினான். உங்கள் மகன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். கிணறு உவர், தண்ணீர் பவுசர் வரும் வரை வாளியை எண்ணி எண்ணி மொண்டு, முகம் கழுவிய தண்ணீரையும் வாழையடிக்கு விட்ட வீட்டில் வளர்ந்தவன். அந்தத் தண்ணீரைப் போலத்தான் காசையும் செலவழிக்கிறான்.

அதனால் ஒரு விண்ணப்பம், அம்மா. இந்த மாதம் வரும் 250இல் முதலில் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்றை வாங்குங்கள். மதிலுக்கு மேசனைக் கூப்பிட வேண்டாம். அதை ஆனித் திருவிழா முடிந்த பிறகு பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்