ஆமாம் போடுகிறவன்

சங்கீதம், சினிமா, ஹாஸ்யம் ஆகிய மூன்று விஷயங்களிலும் எனக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. நிலம் நீச்சு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத என் போன்றவனுக்கு அபிப்பிராயங்களே ஆஸ்தி. அவற்றுக்கு வரி கிடையாது, பங்காளித் தகராறு கிடையாது, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள்தான் கிடையாது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தால் என் மனைவி அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். பால்காரன் வராத நாட்களில்கூட எங்கள் வீட்டில் பால் பொங்கியிருக்கிறது.

சங்கீதத்தைப் பற்றிய என் அபிப்பிராயம், பாடுகிறவரைக் காட்டிலும் கேட்கிறவரைப் பற்றியது. 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பலனாக அடுத்த வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது முதல் இன்று வரை, மார்கழி தோறும் எத்தனையோ மகா வித்வான்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தம் தொடையிலும், இடம் போதாதபோது என் தொடையிலும் தாளம் போடுகிற மனிதரைப் பற்றி ஒருவரும் நல்ல வார்த்தை எழுதியதில்லை. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபையில் பாதிப் பேர் அக்கினிப் பிரவேசம் செய்யப் போகிறவர்களைப் போன்ற உறுதியுடன் எழுந்து காண்டீனை நோக்கி நடப்பார்கள். முதலில் போகிறவனுக்கு வடை சூடாகக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இரண்டு கைகளாலும் பிராணனைக் கொடுத்து வாசிக்கிற ஒருவர் ஐம்பது முதுகுகளைப் பார்த்து வாசிக்க நேர்வது மகா பாவம் என்று கருதி, நான் எழுந்திருப்பதே இல்லை. ஒரு வருஷம் மிருதங்கக்காரர் நீண்ட தீர்மானம் ஒன்றை முடித்துவிட்டு, காலியான வரிசையில் தனியாக வீற்றிருந்த என்னைப் பார்த்து, "நீர் ஒருவராவது கவனித்தீரே" என்கிற பாவனையில் தலையசைத்தார். நானும் சாவதானமாகத் தலையசைத்தேன். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஐந்தாவதைத் தொலைத்துவிட்டு நான் தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

சினிமா விஷயத்திலும் இதே கட்சிதான். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தம் தகப்பனாராக வரும் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிற கட்டத்தைத் தமிழ் பேசுகிற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர் எல்லோரும் "நாகேஷ், நாகேஷ்" என்கிறார்கள். நாகேஷ் மகா கலைஞர்தான், சந்தேகமில்லை. ஆனால் கதை என்று அதில் என்ன இருக்கிறது? வாயால் எழுப்பிய சப்தங்களையும் கைகளின் அபிநயத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிறது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் கேட்டு, கொஞ்சங்கொஞ்சமாக வெலவெலத்து, நிஜமாகவே பேயைக் கண்டவர்போல் ஆகிவிடுகிறாரே பாலையா, அவருடைய முகத்தில் அல்லவா பேய் குடியிருக்கிறது! அடுத்த வருஷமே 'திருவிளையாடல்' படத்தில் இதே பாலையா ஹேமநாத பாகவதராக வந்தார். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலை இரவல் வாங்கிக்கொண்டு அவர் பாண்டியன் சபையில் பாடியதை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கோ, பிற்பாடு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு அவர் கலங்கி இரவோடிரவாக ஊரை விட்டுப் புறப்படும் இடம்தான் பிரமாதமாகத் தோன்றுகிறது. பாடியது இரவல் தொண்டையால். கேட்டது சொந்தக் காதால்.

இப்போது மேடையில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு மைக்கும் கையுமாக ஹாஸ்யம் சொல்கிற ஸ்டாண்ட்-அப் காமெடி என்ற வித்தை வந்திருக்கிறது. இது ஏதோ சீமையிலிருந்து இறங்கிய நூதனம் என்று என் பேரன் நினைக்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர், மராட்டியக் கீர்த்தனக்காரர்களின் முறையைத் தழுவி, நின்றுகொண்டு மணிக்கணக்கில் கதை சொல்லியிருக்கிறார் என்றால் நம்ப மறுக்கிறான். சீதா கல்யாணத்துக்கு வந்த ராமர் வில்லைத் தொடப் போகும் சமயத்தில், உபகதை என்று சொல்லிக்கொண்டு உள்ளூர் மிராசுதாரின் ஜவ்வாது வாசனைக்குப் போய், அரை மணி நேரம் சபையைச் சிரிக்க வைத்துவிட்டு மிதிலைக்குத் திரும்பி வருகிற பாகவதர்கள் இந்தக் காலத்து இளைஞர்களுக்குப் பாட்டனார் முறை அல்லாமல் வேறு என்ன? அந்தக் காலட்சேபத்தையே பரிகாசம் செய்து கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் சரித்திரம் நடத்தினார். இன்று அலெக்ஸாண்டர் பாபு என்பவர் சினிமாப் பாட்டைப் பாடிக் காட்டிக்கொண்டே பின்னணிப் பாடகர்களின் பெருமையையும் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்; அது கலப்படமில்லாத காலட்சேபம், ஒரு சிப்ளாக் கட்டைதான் குறைவு.

மற்றவர்களிடம் குறைவது கட்டை அல்ல, ஆள். பாகவதருக்குப் பின்பாட்டுக்காரர் இருந்தார். வில்லுப்பாட்டிலோ, தலைவர் ஒரு வாக்கியம் சொன்னால் பக்கத்தில் குடத்தோடும் உடுக்கையோடும் இருப்பவர்கள் "ஆமாம்" போட்டு அதைத் தாங்கிப் பிடிப்பார்கள். கலைவாணர் வில்லுப்பாட்டு விளைகிற நாஞ்சில் நாட்டில் பிறந்தவர் என்பதும், அவருக்கும் பின்னால் நாகேஷுக்கும் ஹாஸ்யக் கட்டங்கள் எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டுக்காரர் என்பதும் தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

போன மாதம் பேரன் என்னை ஒரு காப்பிக் கடையின் மாடிக்கு அழைத்துப் போனான். தலைக்கு 499 ரூபாய் டிக்கட், காப்பி தனி. அவசரப்பட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேடைக்கு வந்த பிள்ளையாண்டான், "எங்க அப்பா இருக்காரே, ரொம்பச் சிக்கனம்" என்று தொடங்கிச் சற்று நிறுத்தினான். அந்த நிசப்தத்தில் அவன் அநாதையாக நிற்பதைக் காணச் சகிக்காமல், "ஆமாம்" என்றேன்.

அவன் திடுக்கிட்டுக் குனிந்து என்னைப் பார்த்தான். "சார், உங்களுக்கு எங்க அப்பாவைத் தெரியுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். "வீட்ல ஏசி போட்டா..." என்று அவன் அடுத்ததைத் தொடுத்தபோது, "ஏசி போட்டா?" என்று பழக்கதோஷத்தால் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதற்குப்பின் அவன் தயாரித்துக்கொண்டு வந்த சரக்கையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் முகத்தைப் பார்த்து, "என்ன சார், சரிதானே?" என்று கேட்க, நான் "ஆமாம்" என்று ஆமோதிக்க, இருபது நிமிஷம் கச்சேரி களை கட்டிவிட்டது. என் பேரன் நாற்காலியில் சரிந்து சரிந்து, கடைசியில் அவனுடைய கிராப்பு மட்டுமே வெளியே தெரிந்தது.

படியிறங்கும்போது ஒரு பெண், "நல்லாப் பண்ணீங்க அங்கிள்! எவ்ளோ குடுத்தாங்க?" என்று விசாரித்தாள்.

"நான்தான் அம்மா கொடுத்தேன், 499 ரூபாய்" என்றேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

ஆகையால் இதைப் படிக்கிற ஹாஸ்ய கலைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆமாம் போடுவதற்கு அனுபவம் வாய்ந்த ஆள் தேவைப்பட்டால் நான் தயாராக இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், ராத்திரிச் சாப்பாடும் ஆட்டோ சத்தமும் கொடுத்தால் போதும். மார்கழி மாதத்தில் மட்டும் சௌகரியப்படாது.