சாம்பாருக்கும் பதிவு எண்

நாலு பேருக்கு நல்லது செய்யலாம் என்று தமிழ்நாட்டில் சங்கம் தொடங்கக் கிளம்பினால், முதலில் ஏழு பேரைத் திரட்ட வேண்டும். 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் கேட்கும் தலைக்கணக்கு அது.

லாபமே பார்க்காவிட்டாலும் வருமான வரி விலக்குக்குத் தனிப் பதிவு வேண்டும். நன்கொடையாளருக்கு வரிச் சலுகை வாங்கித் தர இன்னொரு பதிவு.

அன்னதானமா? லாபம் உண்டோ இல்லையோ, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் உணவு வணிகம்தான். சாம்பார் அண்டா அடுப்பேறும் முன் பதிவு எண் கைக்கு வர வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் கதையே வேறு. மூன்றாண்டு தாக்குப்பிடித்து, 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்டினால்தான் அதை வாங்குவதற்கான பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த 15 லட்சம் எங்கிருந்து வரும் என்பது சங்கத்தின் பாடு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, கன்னியாகுமரிக்கு வரும் டாலரும் புதுடெல்லி ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் இறங்கித்தான் வர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வெளிநாட்டுப் பணத்துக்கான அந்தப் பதிவின் ஆயுள் ஐந்தே ஆண்டு. புதுப்பிக்கும் தேதியை இப்போதே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.